போகும் வழியும் திரும்பும் வழியும்: ரவுட்டிங் பழக வருகிறவர்களுக்கு

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்துவிட்டு, திருகோணமலையில் என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு ஐபி முகவரியைப் பிரிக்க நன்றாகத் தெரிகிறது. 192.168.20.0/26 என்று எழுதிக் கொடுத்தால், 62 கணினி வைக்கலாம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் "உப்புவெளியில் இருக்கிற கணினி அனுப்பினது டவுனில் இருக்கிற கணினிக்கு எப்படிப் போய்ச் சேருது?" என்று கேட்டால் அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். கணக்குத் தெரிகிறது, பொதி, அதாவது வலையில் போகும் தகவல் துண்டு, நடந்து போகும் வழி கண்ணுக்குத் தெரியவில்லை. அதைக் கண்ணால் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு லாப்டாப் வேண்டும். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் வேண்டும்; அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகடமியில் ஒரு கணக்குத் திறந்தால் அது இலவசம். ஒரு முழு மத்தியானம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் 'வழிப்படுத்தி' என்று இருப்பதைத்தான் இங்கே ரவுட்டர் என்கிறேன், கடையில் கேட்டு வாங்கும் பெயர் அதுதான். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதற்படி: உங்கள் கணினியே முதல் முடிவை எடுக்கிறது

விண்டோஸில் ஸ்டார்ட்டை அழுத்தி 'சிஎம்டி' என்று தேடி, வரும் கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டுங்கள். மூன்று வரிகளைத் தேடிப் பிடியுங்கள்: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபோல்ட் கேட்வே. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

முகவரி 192.168.20.77
மாஸ்க் 255.255.255.0
கேட்வே 192.168.20.1

ரவுட்டிங் என்றதும் எல்லோரும் ரவுட்டரிடம்தான் போவார்கள். உண்மையில் அது உங்கள் கணினிக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. 192.168.20.90 க்கு ஏதோ அனுப்ப வேண்டும் என்றால், கணினி மாஸ்க்கை வைத்துப் பார்க்கிறது: முதல் மூன்று எண்களும் என்னுடையதும் ஒன்று, ஆகவே அவர் என் வளவுக்குள்தான் இருக்கிறார், நேரே கொடுத்துவிடலாம். 192.168.10.25 என்றால் மூன்றாவது எண் பொருந்தவில்லை. ஆள் வெளியே இருக்கிறார். அப்போது கணினி செய்வது ஒன்றே ஒன்றுதான்: பொதியைக் கேட்வேயிடம் ஒப்படைக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பொதி எங்கே போகிறது என்று கணினிக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

இந்த ஒப்படைப்பை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். பொதியில் 'பெறுநர்' என்ற இடத்தில் 192.168.10.25 என்றே இருக்கிறது, அங்கே கேட்வேயின் ஐபி முகவரி எழுதப்படுவதில்லை. அப்படியென்றால் கேட்வேக்கு எப்படிப் போகிறது? ஐபி பொதியைச் சுற்றி இன்னொரு உறை இருக்கிறது. அதில் கேட்வேயின் மேக் முகவரி, அதாவது அதன் போர்ட்டுக்கு உரிய வன்பொருள் எண், எழுதப்படுகிறது. தபாலில் நடப்பதும் இதுதான். கடித உறையில் எழுதிய விலாசம் கடைசிவரை மாறாது. ஆனால் கடிதம் ஏறும் தபால் பையில் அடுத்த தபாலகத்தின் பெயர் மட்டும் இருக்கும். அங்கே பை அவிழும், வேறு பையில் ஏறும். ஒவ்வொரு ரவுட்டரும் பழைய மேக் உறையைக் கிழித்துவிட்டுப் புதிய உறை போடுகிறது. உள்ளே இருக்கும் ஐபி விலாசம் அப்படியே இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாம் படி: வழி அட்டவணையை வாசிக்கப் பழகுங்கள்

அதே கறுப்புத் திரையில் 'ரூட் பிரிண்ட்' என்று தட்டுங்கள். வரிசை வரிசையாக எண்கள் வந்து கண்ணைக் கட்டும். பயப்பட வேண்டாம். விண்டோஸ் காட்டுவதைவிட ஒரு ரவுட்டரின் அட்டவணை வாசிக்கச் சுலபம். உப்புவெளியில் ஒரு விடுதியின் ரவுட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் அட்டவணை இப்படி இருக்கும்:

192.168.20.0/24 — நேரடி இணைப்பு
10.0.0.0/30 — நேரடி இணைப்பு
10.0.0.4/30 — நேரடி இணைப்பு
192.168.30.0/24 — 10.0.0.6 இடம் கொடு
0.0.0.0/0 — 10.0.0.1 இடம் கொடு

/24 என்பது 255.255.255.0 என்ற மாஸ்க்கைச் சுருக்கி எழுதுவது, /30 என்பது 255.255.255.252. ஒவ்வொரு வரியும் ஒரே வசனம்தான்: இந்த இடத்துக்கு என்றால், இந்த ஆளிடம் கொடு. முழுப் பாதையும் எந்த வரியிலும் இல்லை. கொழும்பிலிருந்து வரும் ரயில் கல்லோயாச் சந்திக்கு வந்ததும், திருகோணமலை என்றால் ஒரு தண்டவாளம், மட்டக்களப்பு என்றால் மற்றத் தண்டவாளம். அந்தச் சந்தியில் இருப்பவருக்குக் கந்தளாய்க்கு அப்பால் தண்டவாளம் எப்படி வளைகிறது என்ற விவரம் தேவையில்லை. தன் சந்தியில் எந்தப் பக்கம் என்பது மட்டும் சரியாக இருக்க வேண்டும். இணையம் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது: யாரும் முழு வழியையும் சுமப்பதில்லை, அவரவர் அடுத்த அடியை மட்டும் முடிவு செய்கிறார்கள்.

கடைசி வரியில் இருக்கும் 0.0.0.0/0 'வேறு எதுவென்றாலும்' என்று பொருள்படும். இதைத்தான் டிஃபோல்ட் ரூட் என்கிறோம்.

சரி, ஒரு பொதிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால்? 192.168.30.5 க்குப் போகும் பொதிக்கு நான்காவது வரியும் பொருந்தும், கடைசி வரியும் பொருந்தும். இங்கே ஒரு விதி இருக்கிறது, இதை மறக்கவே கூடாது: எந்த வரி கூடுதல் குறிப்பாக இடத்தைச் சொல்கிறதோ அதுதான் வெல்லும். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் பெரிதாக இருப்பது வெல்லும். /24 வந்தால் /16 தோற்கும். /0 எல்லாவற்றிடமும் தோற்கும், ஆகவே அது எப்போதும் கடைசி ஆள். அட்டவணையில் எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துவிடுகிறார்கள்.

இந்த விதியின் பலத்தை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. 2008 பெப்ரவரி 24. யூடியூப் தன்னுடைய 208.65.152.0/22 என்ற முகவரித் தொகுதியை உலகுக்கு அறிவித்து வைத்திருந்தது. தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகொம், அந்தத் தொகுதிக்குள் வரும் 208.65.153.0/24 தன்னிடம் இருப்பதாக ஒரு வழியைப் போட்டது. அது நாட்டுக்குள் நிற்காமல், அவர்களுக்கு மேலே இருந்த நிறுவனம் வழியாக வெளியே கசிந்துவிட்டது. /22 ஐவிட /24 குறிப்பானது. அவ்வளவுதான், உலகின் பல மூலைகளிலும் இருந்த ரவுட்டர்கள் விதிப்படி அந்தப் பக்கம் பொதிகளைத் திருப்பின. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் யூடியூப் பலருக்கும் எட்டவில்லை. யூடியூப் திருப்பி அடித்ததும் அதே விதியை வைத்துத்தான்: தானும் /24 ஐ அறிவித்தது, பிறகு அதைவிடக் குறுகிய /25 தொகுதிகளை அறிவித்தது.

மூன்றாம் படி: வழியை எட்டிப் பாருங்கள்

கறுப்புத் திரையில் 'ட்ரேசர்ட் 8.8.8.8' என்று தட்டுங்கள், அந்த முகவரி கூகிளுடையது. லினக்ஸில் 'ட்ரேஸ்ரூட்'. வழியில் இருக்கும் ரவுட்டர்கள் ஒவ்வொன்றாக வரும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பது மிகவும் அழகான விஷயம். ஒவ்வொரு ஐபி பொதியிலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. விண்டோஸ் 128 இல் தொடங்கும், லினக்ஸ் 64 இல் தொடங்கும். கடந்து போகும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். பூச்சியமானால் பொதியை எறிந்துவிட்டு, 'உன் பொதி என்னிடம் வந்து முடிந்துபோனது' என்று அனுப்பியவருக்கு ஒரு செய்தி அனுப்பும். வழி தவறிய பொதிகள் காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. ட்ரேசர்ட் என்ன செய்கிறது என்றால், வேண்டுமென்றே டிடிஎல் 1 போட்டு ஒரு பொதி அனுப்புகிறது. முதல் ரவுட்டரில் முடிகிறது, அது தன் முகவரியோடு பதில் சொல்கிறது. பிறகு 2, பிறகு 3. ஒவ்வொரு ரவுட்டரும் தானே கையைத் தூக்கிக் காட்டுகிறது.

முதல் வரியில் உங்கள் வீட்டு ரவுட்டர், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1. இரண்டாம் மூன்றாம் வரிகளில் 10 இல் அல்லது 100.64 இல் தொடங்கும் முகவரிகள் வந்தால் அது சேவை வழங்குநரின் உள்வீடு. பக்கத்தில் இருக்கும் மில்லிசெக்கன் எண்களையும் பாருங்கள். கண்ணாடி நாரில் ஒளி ஒரு செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீட்டர் அளவில் ஓடும், அதாவது ஒரு மில்லிசெக்கனுக்கு 200 கிலோமீட்டர். திருகோணமலையிலிருந்து கொழும்பு 260 கிலோமீட்டர் அளவு. போய் வர 2.6 மில்லிசெக்கன். அதைவிட வேகமான பதில் எந்தக் காசு கொடுத்தாலும் வராது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர், போய் வர 27 மில்லிசெக்கன் கட்டாயம் வேண்டும். ஆகவே ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் எண் சட்டென்று முப்பது நாற்பது கூடினால், பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பொதி கடலுக்குள் இறங்கியிருக்கிறது.

நம்மைச் சுற்றி மூன்று பக்கமும் கடல் இருந்தாலும், வெளிநாட்டுக் கேபிள்கள் நம் கரையில் ஏறுவதில்லை. கொழும்பு, கல்கிசைப் பக்கமும், சீ-மீ-வீ 5 என்றால் மாத்தறையிலும் கரையேறுகின்றன. சென்னைக்கு அனுப்புவதும் முதலில் தீவைக் கடந்து மேற்குக்கோ தெற்குக்கோ போய்த்தான் கடலில் இறங்க வேண்டும்.

வரிகளில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டாம். சில ரவுட்டர்கள் பொதியைக் கடத்தும், கையைத் தூக்கச் சொன்னால் தூக்காது. அதற்குப் பிந்திய வரிகள் வந்தால் வழி நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொன்று: ட்ரேசர்ட் காட்டுவது போகும் வழியை மட்டும்தான். பதில் எந்த வழியால் வந்தது என்று அதில் தெரியாது. இதை மனதில் ஒரு பக்கம் வைத்திருங்கள்.

நான்காம் படி: மூன்று இடங்களை இணையுங்கள்

இப்போது பாக்கெட் ட்ரேசரைத் திறந்து கையை வைப்போம். நான் செய்த ஒரு வேலையையே மாதிரியாகத் தருகிறேன். ஒரே முதலாளிக்கு ஏகாம்பரம் வீதியில் ஒரு கடை, உப்புவெளியில் ஒரு விடுதி, நிலாவெளியில் இன்னொரு விடுதி. கூரைகளில் தட்டு ஆண்டெனா பூட்டி, கடையிலிருந்து உப்புவெளிக்கும், உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கும் வயர்லஸ் இணைப்பு. பாக்கெட் ட்ரேசரில் ஆண்டெனாவுக்குப் பதில் வயர் போட்டுக்கொள்ளுங்கள். 2911 என்ற ரவுட்டர் மூன்றை எடுங்கள், அதில் மூன்று கிகாபிட் போர்ட் இருக்கிறது, பிறகு தேவைப்படும். ஒவ்வொன்றின் பின்னால் ஒரு சுவிட்ச், ஒரு கணினி.

கடை: உள் வலை 192.168.10.0/24, ரவுட்டர் 192.168.10.1
உப்புவெளி: உள் வலை 192.168.20.0/24, ரவுட்டர் 192.168.20.1
நிலாவெளி: உள் வலை 192.168.30.0/24, ரவுட்டர் 192.168.30.1
கடை–உப்புவெளி: 10.0.0.1, 10.0.0.2 (மாஸ்க் 255.255.255.252)
உப்புவெளி–நிலாவெளி: 10.0.0.5, 10.0.0.6 (அதே மாஸ்க்)

மூன்று இடங்களிலும் உள் வலைக்கு வெவ்வேறு எண் போட்டிருப்பதைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பலவும் 192.168.1.0 என்றே வரும். இரண்டு இடத்திலும் அதை அப்படியே விட்டுவிட்டு இணைக்கப் பார்த்தால் எந்த வழியும் வேலை செய்யாது. ஏனென்றால் கணினி அந்த ஆள் தன் வளவுக்குள் இருப்பதாகவே நினைக்கும், கேட்வேயிடம் கொடுக்கவே கொடுக்காது. வேலைக்குப் போனால் முதலில் பேப்பரில் எண்களை எழுதி, ஒன்றோடொன்று மோதவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏற வேண்டும்.

ரவுட்டரின் போர்ட்டுகள் ஆரம்பத்தில் மூடியிருக்கும். ஒவ்வொன்றிலும் முகவரி கொடுத்தபின் 'நோ ஷட்டவுன்' போட்டால் முக்கோணம் பச்சையாகும். எல்லாம் பச்சை வந்ததும் கடைக் கணினியிலிருந்து உப்புவெளிக் கணினிக்குப் பிங் (ஒரு சிறு பொதி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) போட்டுப் பாருங்கள். போகாது. வயர் இருக்கிறது, போர்ட் திறந்திருக்கிறது, முகவரி சரி. ஆனாலும் போகாது. கடை ரவுட்டருக்குத் தன்னோடு நேரே ஒட்டிய வலைகளை மட்டும்தான் தெரியும். 192.168.20.0 எங்கே இருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

கடை ரவுட்டரில் தட்டுங்கள்:
ஐபி ரூட் 192.168.20.0 255.255.255.0 10.0.0.2

மறுபடி பிங். இன்னும் போகாது! இந்த இடத்தில் நிறுத்தி, காரணத்தை நீங்களே யோசிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாக்கெட் ட்ரேசரில் 'சிமுலேஷன்' முறைக்குப் போய், பொதியை ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பாருங்கள். பொதி கடை ரவுட்டரைத் தாண்டும், உப்புவெளி ரவுட்டரைத் தாண்டும், அங்கே இருக்கும் கணினியைத் தொடும். கணினி பதில் எழுதும். பதில் உப்புவெளி ரவுட்டருக்கு வரும், அங்கே சிவப்புக் குறி விழும். உப்புவெளி ரவுட்டருக்கு 192.168.10.0 எங்கே என்று தெரியாது. போன பொதி வந்த வழியை எந்த ரவுட்டரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. பதில் என்பது புதிதாகப் புறப்படும் இன்னொரு பயணம், அதற்கு வழியைத் தனியாகப் போட வேண்டும்.

உப்புவெளியில்:
ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 10.0.0.1
ஐபி ரூட் 192.168.30.0 255.255.255.0 10.0.0.6

நிலாவெளியில்:
ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 10.0.0.5
ஐபி ரூட் 192.168.20.0 255.255.255.0 10.0.0.5

கடையில் இன்னும் ஒன்று:
ஐபி ரூட் 192.168.30.0 255.255.255.0 10.0.0.2

நிலாவெளிக்கான வழியிலும் கடை ரவுட்டர் 10.0.0.2 இடம்தான் கொடுக்கிறது, 10.0.0.6 இடம் அல்ல. அடுத்த அடி என்றால் கைக்கெட்டும் பக்கத்து ஆள். தூரத்தில் இருப்பவரின் முகவரியைப் போடக் கூடாது. இப்போது பிங் போகும். முதல் பிங் ஒன்று தவறினால் பரவாயில்லை. பக்கத்து ஆளின் மேக் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எடுக்கும் நேரம் அது.

இதே வேலையில் நிலாவெளியில் எனக்கு ஒரு மத்தியானம் போனது, அதைச் சொல்கிறேன். வழிகள் எல்லாம் போட்டாயிற்று. கூரையில் நின்றபடியே லாப்டாப்பை ரவுட்டரின் கொன்சோலில் குத்தி, ரவுட்டருக்குள்ளிருந்து கடையின் பில் போடும் கணினிக்கு, 192.168.10.25 க்கு, பிங் போட்டேன். பதில் இல்லை. ஆண்டெனாவை அரை அங்குலம் இந்தப் பக்கம், அரை அங்குலம் அந்தப் பக்கம் திருப்பினேன். கடற்காற்றில் துருப் பிடித்திருக்குமோ என்று வயர்த் தலைப்பைக் கழற்றிப் புதிதாக அடித்தேன். உப்புவெளிக்குப் பிங் போகிறது, கடைக்குப் போகவில்லை. உப்புவெளி–கடை இணைப்பில்தான் பிழை என்று முடிவு செய்து இறங்க நினைத்தபோது, கீழே வரவேற்பு மேசையில் இருந்த தம்பி எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணா, பில் எல்லாம் ஓப்பன் ஆகுது. நீங்க இன்னும் மேல என்ன பார்க்கிறீங்க?"

கீழே வந்து அவருடைய கணினியிலிருந்து பிங் போட்டேன். அழகாகப் போகிறது. ரவுட்டரிலிருந்து போடும்போது மட்டும் போகவில்லை.

காரணம் இதுதான். ரவுட்டர் தானே ஒரு பிங் அனுப்பும்போது, அனுப்புநர் இடத்தில் பொதி வெளியேறும் போர்ட்டின் முகவரியை எழுதுகிறது. நிலாவெளி ரவுட்டருக்கு அது 10.0.0.6. கடைக் கணினிக்குப் பொதி போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. அது 10.0.0.6 க்குப் பதில் எழுதி, கடை ரவுட்டரிடம் கொடுத்தது. கடை ரவுட்டருக்கு 192.168.20.0 தெரியும், 192.168.30.0 தெரியும். 10.0.0.6 அடங்கும் 10.0.0.4/30 ஐ நான் சொல்லவே இல்லை. ஆகவே அது 'வேறு எதுவென்றாலும்' என்ற வரிப்படி பதிலை இணையத்தின் பக்கம் அனுப்பியது, அங்கே அது அழிந்துபோனது. கடையில் ஒரே ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது:

ஐபி ரூட் 10.0.0.4 255.255.255.252 10.0.0.2

பாக்கெட் ட்ரேசரில் இந்தப் பிழையை வேண்டுமென்றே செய்து பாருங்கள். ஒருமுறை கண்டால் பிறகு எந்தக் கூரையிலும் அடையாளம் தெரியும். பிங் போகவில்லை என்றால் 'போகவில்லை' என்று சொல்லாதீர்கள், 'பதில் வரவில்லை' என்று சொல்லிப் பழகுங்கள். அப்படிச் சொல்லும்போதே தேட வேண்டிய இடம் இரண்டு என்று மனதுக்குப் படும்.

ஐந்தாம் படி: இணையத்துக்கு ஒரு வாசல்

இணைய இணைப்பு கடையில் மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். உலகத்தின் ஒவ்வொரு வலைக்கும் ஒவ்வொரு வரி எழுத முடியாது. நிலாவெளியில் 'ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 10.0.0.5', உப்புவெளியில் 'ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 10.0.0.1'. கடையில் சேவை வழங்குநரின் பக்கம். நிலாவெளிக்கு வெளியே போக ஒரே வழிதான் இருப்பதால், அங்கே முன்பு போட்ட இரண்டு வரிகளும் இப்போது தேவையில்லை, எடுத்துவிடலாம்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம். 192.168 இல் தொடங்குபவை 1996 இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் ஒதுக்கிய தனியார் முகவரிகள், 10 இல் தொடங்குபவையும் 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அதே வகை. இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. கடை ரவுட்டர்தான் அவற்றைத் தன் வெளிமுகவரியாக மாற்றி அனுப்ப வேண்டும். அந்த மாற்றும் பட்டியலில் 192.168.10.0 ஐ மட்டும் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் மறந்தால், கடையில் இணையம் ஓடும், விடுதிகளில் ஓடாது.

மற்றது சுழல். கடை ரவுட்டரின் டிஃபோல்ட் தவறுதலாக உப்புவெளியைக் காட்டி, உப்புவெளியின் டிஃபோல்ட் கடையைக் காட்டினால், தெரியாத முகவரிக்கான பொதி இரண்டுக்கும் இடையில் பந்து மாதிரி அடிபட்டு, டிடிஎல் தீரும்போதுதான் ஓயும். ட்ரேசர்ட் போட்டால் 10.0.0.2, 10.0.0.1, 10.0.0.2, 10.0.0.1 என்று மாறி மாறி வரும். பார்த்த உடனே தெரியும்.

ஆறாம் படி: ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசட்டும்

மூன்று ரவுட்டருக்கு உள் வலைகளுக்காக மட்டும் கையால் ஆறு வரி எழுதினோம். பத்து இடங்கள் என்றால் ஒவ்வொன்றிலும் ஒன்பது, மொத்தம் தொண்ணூறு. அதைவிடப் பெரிய சிக்கல், ஓர் இணைப்பு அறுந்தால் கையால் எழுதிய வரிக்கு அது தெரியாமல் போகலாம். இதற்காகத்தான் ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பேசிக்கொள்ளும் முறைகள் வந்தன.

பழையது ரிப். பக்கத்து ரவுட்டர்களிடம் 30 செக்கனுக்கு ஒருமுறை தன் அட்டவணையைச் சொல்லும். எத்தனை ரவுட்டர் தாண்ட வேண்டும் என்பதை மட்டும் எண்ணும். 15 வரை எண்ணும், 16 என்றால் எட்டாத இடம். பரீட்சைக்குப் படியுங்கள், புதிய வேலையில் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

ஏனென்று மூதூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. டவுன் இறங்குதுறையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் ஏறினால் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். தரைவழி என்றால் சீனன்குடா, கிண்ணியா என்று சுற்ற வேண்டும். தாண்டும் இடங்களை மட்டும் எண்ணினால் லோஞ்ச் எப்போதும் வெல்லும். ஆனால் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை மணிக்கு ஓடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு தரைவழியின் 'செலவு' குறைந்தது, ஆட்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். ஓஎஸ்பிஎஃப் என்ற முறை இப்படித்தான் யோசிக்கிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் வேகத்தை வைத்து ஒரு செலவு. மொத்தச் செலவு குறைந்த வழி எதுவோ அது. ஒரு பகுதிக்குள் இருக்கும் எல்லா ரவுட்டரும் ஒரே வரைபடத்தை வைத்திருக்கும், ஒவ்வொன்றும் தானே கணக்குப் போடும். அந்தக் கணக்கை டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1956 இல் அம்ஸ்டர்டாமில் ஒரு கோப்பிக் கடையில், காகிதமும் பேனாவும் இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்து முடித்தார். 1959 இல் அச்சில் வந்தது. ரொட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் கிட்டிய வழி எது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையில் ஓடுவது பிஜிபி. 1989 இல் கர்க் லொக்கீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில் கைத்துடைக்கும் தாளில் வரைந்து தொடங்கிய முறை. பாகிஸ்தான் கதை நடந்தது இதில்தான். இப்போதைக்குப் பெயர் தெரிந்தால் போதும், ஓஎஸ்பிஎஃப் கைக்கு வந்தபின் அங்கே போங்கள்.

இனிப் பயிற்சி. கடைக்கும் நிலாவெளிக்கும் நேரடியாக மூன்றாவது இணைப்பு ஒன்று போடுங்கள், 10.0.0.9 உம் 10.0.0.10 உம், அதே /30 மாஸ்க். முன்பு கையால் எழுதிய உள்வலை வழிகளையும், கடையில் சேர்த்த 10.0.0.4 வழியையும், முன்னால் 'நோ' சேர்த்துத் தட்டி, எல்லா ரவுட்டரிலும் நீக்குங்கள். இதை மறந்தால் ஓஎஸ்பிஎஃப் ஓடுவது போலவே இருக்கும், ஆனால் அட்டவணையில் ஏறாது. ஒரே இடத்துக்கு இரண்டு மூலங்கள் வழி சொன்னால் சிஸ்கோ ரவுட்டர் கையால் எழுதியதற்கு 1, ஓஎஸ்பிஎஃபுக்கு 110, ரிப்புக்கு 120 என்று வைத்து, குறைந்த எண்ணை நம்பும். பிறகு கடை ரவுட்டரில்:

ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1
நெட்வொர்க் 192.168.10.0 0.0.0.255 ஏரியா 0
நெட்வொர்க் 10.0.0.0 0.0.0.3 ஏரியா 0
நெட்வொர்க் 10.0.0.8 0.0.0.3 ஏரியா 0

மற்ற இரண்டிலும் அவற்றோடு ஒட்டிய வலைகளை இதேபோல் சொல்லுங்கள். மாஸ்க் தலைகீழாக எழுதப்படுவதைக் கவனியுங்கள்: 255.255.255.252 க்கு 0.0.0.3. 'ஷோ ஐபி ரூட்' போட்டால் ஓ என்ற எழுத்தோடு புதிய வரிகள் வந்திருக்கும். திரும்பும் வழியைப் பற்றி இப்போது நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் தன் பங்குக்குச் சொன்னதால் அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது. 10.0.0.4/30 உட்பட.

கடைக் கணினியிலிருந்து நிலாவெளிக்கு 'பிங் மைனஸ் டி' போட்டு ஓடவிட்டு, கடை–நிலாவெளி வயரை நீக்குங்கள். ஒன்றிரண்டு பதில் தவறும், பிறகு உப்புவெளி வழியாக வரத் தொடங்கும். டிடிஎல் ஒன்று குறைந்திருப்பதையும் பாருங்கள், வழியில் ஒரு ரவுட்டர் கூடிவிட்டது. அப்புறம் வயரை மறுபடி போட்டு, இந்தமுறை இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் இரண்டு சுவிட்ச்களை வைத்து, சுவிட்ச்களுக்கு இடையிலான வயரை மட்டும் நீக்குங்கள். நம் கூரை ஆண்டெனாக்களில் நடப்பது இதுதான்: நடுவில் தென்னோலை மறைத்து வயர்லஸ் அறுந்தாலும், ரவுட்டரிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் வயர் பச்சையாகவே நிற்கும். போர்ட் விழுந்ததாக ரவுட்டருக்குத் தெரியாது. 10 செக்கனுக்கு ஒருமுறை பக்கத்து ரவுட்டர் சொல்லும் வணக்கம் தொடர்ந்து வராமல் போய், 40 செக்கன் ஆனபிறகுதான் அது வழியை மாற்றும். பில் போட நிற்கும் ஆளுக்கு 40 செக்கன் நீளம். ஆகவே இரண்டு பக்கப் போர்ட்டிலும் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் ஹலோ-இன்டர்வல் 2', 'ஐபி ஓஎஸ்பிஎஃப் டெட்-இன்டர்வல் 8' என்று போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் இரண்டு ரவுட்டரும் பேச்சை நிறுத்திவிடும், இரண்டிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். மறுபடி வயரை நீக்கி, தவறும் பிங்குகளை எண்ணுங்கள்.